தத்துவம் எளிது, தேவதைக் கதை கடினம்

இரண்டு ஆங்கில வாக்கியங்களை எடுத்துக்கொள்வோம். ஒன்று: 'தி நேஷனல் கமிட்டி அப்ரூவ்ட் தி எஜுகேஷன் பிளான்.' தேசியக் குழு கல்வித் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது என்று பொருள். மற்றொன்று: 'தி ஓல்ட் உமன் ஹாபிள்ட் டவுன் தி லேன் அண்ட் ராப்ட் ஆன் தி டோர்.' கிழவி நொண்டி நொண்டிச் சந்தில் இறங்கிப் போய்க் கதவைத் தட்டினாள். முதலாவது நாளிதழில் வரக்கூடியது. இரண்டாவதை எட்டு வயது ஆங்கிலேயக் குழந்தை தன் கதைப் புத்தகத்தில் தடங்கலின்றிப் படித்துவிடும்.

மெக்சிகோவிலோ மாட்ரிடிலோ ஆங்கிலம் படிக்கத் தொடங்கி ஓராண்டு ஆன ஒருவரிடம் இவ்விரண்டையும் நீட்டினால் நிலைமை தலைகீழ். குழு, தேசியம், ஒப்புதல், கல்வி, திட்டம் எல்லாமே அவருக்குத் தாய்மொழியில் தெரிந்தவை. ஸ்பானிஷ் மொழியில் அது 'எல் கொமிதே நாசியொனால் அப்ரொபோ எல் ப்ளான் தெ எதுகாசியோன்'. ஒலி கொஞ்சம் மாறுகிறது, எழுத்தில் ஏறத்தாழ அதே சொற்கள். இரண்டாவது வாக்கியத்தில் கிழவியைத் தெரிகிறது, கதவும் தெரிகிறது. அவள் எங்கே எப்படிப் போனாள், கதவை என்ன செய்தாள் என்பதுதான் பிடிபடவில்லை.

ஸ்பானிஷ் பேசுபவர் ஆங்கில இலக்கியம் படித்துச் சொல்வளம் சேர்க்கும்போது எதிர்ப்படும் சிக்கல் முழுவதும் இந்த இரு வாக்கியங்களுக்குள் இருக்கிறது. கனமான கட்டுரை நூல் அவருக்கு எளிது. குழந்தைக்கான தேவதைக் கதை கடினம். நமக்கு இது விசித்திரமாகப் படும். தமிழ் மாணவருக்கு 'பிகின்' என்பதும் 'கமென்ஸ்' என்பதும் ஒரே அளவுக்கு அந்நியம். இரண்டையும் மனப்பாடம்தான் செய்தாக வேண்டும். ஸ்பானிஷ்காரருக்கு 'கமென்ஸ்' உறவுக்காரர், ஏனென்றால் அவர் வீட்டில் தினமும் 'கொமென்சார்' என்றுதான் சொல்கிறார். 'பிகின்' வழிப்போக்கர்.

இதற்குக் காரணம் 1066ஆம் ஆண்டில் இருக்கிறது. பிரான்சின் வடக்குக் கரையிலிருந்து வந்த நார்மானியர்கள் இங்கிலாந்தைப் பிடித்தார்கள். அடுத்த சில நூற்றாண்டுகள் அரசவை, நீதிமன்றம், நிலவுடைமை எல்லாம் பிரெஞ்சில் நடந்தன. உழவரும் தச்சரும் மீனவரும் பழைய ஜெர்மானிய ஆங்கிலத்திலேயே பேசிக்கொண்டிருந்தார்கள். பிறகு மறுமலர்ச்சிக் காலத்தில் அறிஞர்கள் லத்தீனிலிருந்து நேரடியாகவே சொற்களை அள்ளிக்கொண்டு வந்தார்கள். இன்றைய ஆங்கில அகராதியில் பாதிக்கும் மேற்பட்ட சொற்கள் பிரெஞ்சு அல்லது லத்தீன் வழி வந்தவை. ஸ்பானிஷ் மொழியோ லத்தீனின் நேர் வாரிசு. ஆகவே 'யூனிவர்சிட்டி' என்றால் 'உனிவெர்சிதாத்', 'வெலாசிட்டி' என்றால் 'வெலொசிதாத்' என்று ஈற்றை மட்டும் மாற்றி ஆயிரக்கணக்கான சொற்களை அவர் முதல் நாளே கையில் வைத்திருக்கிறார்.

ஆனால் அகராதியின் கணக்கு வேறு, பேச்சின் கணக்கு வேறு. ஆங்கிலத்தில் மிக அதிகமாகப் புழங்கும் நூறு சொற்களை எடுத்தால் ஏறக்குறைய எல்லாமே பழைய ஜெர்மானியச் சொற்கள். உடம்பு, வீடு, மழை, சேறு, நடை, பார்வை, அடி, சத்தம் போன்றவற்றுக்கான சொற்களும் பெரும்பாலும் அப்படித்தான். நாவல் என்பது இவற்றால்தானே ஆகிறது!

இந்த இரட்டைத் தன்மையை உள்ளிருந்து நன்றாகக் கண்டவர் அர்ஜென்டினா எழுத்தாளர் போர்ஹேஸ். அவருடைய தந்தைவழிப் பாட்டி இங்கிலாந்தில் பிறந்தவர். வீட்டில் ஆங்கிலமும் ஸ்பானிஷும் கலந்தே புழங்கின. 1910இல், பத்து வயதில், ஆஸ்கர் வைல்டின் 'மகிழ்ச்சியான இளவரசன்' கதையை ஸ்பானிஷில் மொழிபெயர்த்து புவனஸ் ஐரிஸ் நாளிதழ் ஒன்றில் வெளியிட்டார். செய்தது அப்பாவாகத்தான் இருக்கும் என்று பலர் நினைத்துக்கொண்டார்களாம். 1977இல் அமெரிக்கத் தொலைக்காட்சிப் பேட்டி ஒன்றில், ஏன் ஆங்கிலம் தனக்கு உயர்ந்த மொழியாகப் படுகிறது என்று அவர் விளக்கினார். ஒரே கருத்துக்கு ஆங்கிலத்தில் இரண்டு சொற்கள் உண்டு, ஒன்று சாக்சன், அதாவது பழைய ஜெர்மானியச் சொல், மற்றது லத்தீன். 'கிங்லி', 'ரீகல்' இரண்டும் அரசருக்குரியது என்றே பொருள்பட்டாலும் இரண்டின் எடையும் வேறு என்றார். இன்னொன்றும் சொன்னார்: ஆங்கிலம் உடல்சார்ந்த மொழி, வினைச்சொல்லோடு ஒரு சிறு சொல்லை ஒட்டி அது காட்டும் அசைவுகளை ஸ்பானிஷில் சொல்லவே முடியாது என்று.

போர்ஹேஸை முன்மாதிரியாகக் காட்டுவதில் ஒரு நியாயக்குறைவு உண்டு. ஆங்கிலம் பேசும் பாட்டி எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. ஆனால் அவர் ஜெர்மன் கற்ற விதம் நம் பொருளுக்கு நேராகவே பொருந்தும். 1914இல் குடும்பம் ஜெனீவாவுக்குப் போனது. அங்கே ஆசிரியர் இல்லாமல், ஜெர்மன் கவிஞர் ஹைனேயின் தொடக்கக்காலக் கவிதைகளையும் ஒரு ஜெர்மன்-ஆங்கில அகராதியையும் வைத்துக்கொண்டு, தானே படித்துக் கற்றார். ஹைனேயைத் தேர்ந்ததில்தான் சாமர்த்தியம் இருக்கிறது. சிறிய கவிதைகள், எளிய சொற்கள், அதே சொற்கள் மீண்டும் மீண்டும்.

அவர் சொன்ன அந்த 'உடல்சார்ந்த' தன்மையை மொழியியலாளர்கள் பின்னர் அளந்தே காட்டிவிட்டார்கள். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டான் ஸ்லோபின் பல மொழிக்காரர்களிடம் ஒரு படப் புத்தகத்தைக் கொடுத்துக் கதை சொல்லச் சொன்னார். மெர்சர் மேயர் வரைந்து 1969இல் வெளிவந்த அந்தப் புத்தகத்தில் சொற்களே கிடையாது. காணாமல் போன தவளையை ஒரு பையனும் நாயும் தேடுகிறார்கள். ஒரு படத்தில் பையன் மரப்பொந்துக்குள் எட்டிப் பார்க்க, உள்ளேயிருந்து ஆந்தை வெளிப்படுகிறது. ஆங்கிலம் பேசுவோரில் கணிசமானோர் அது பறந்து வெளியே வந்ததாகவோ சட்டென்று எகிறி வந்ததாகவோ சொன்னார்கள். ஸ்பானிஷ் பேசுவோர் ஏறக்குறைய அனைவரும் 'சாலியோ' என்றார்கள். வெளியே வந்தது, அவ்வளவுதான். எப்படி வந்தது என்று சொல்ல அவர்களுக்குத் தோன்றவில்லை.

காரணம் வாக்கிய அமைப்பில் இருக்கிறது. ஸ்பானிஷில் முதன்மை வினை திசையைச் சொல்லும்: நுழைந்தான், ஏறினான், கடந்தான். எப்படி என்பது கூடுதல் தகவல். விருப்பப்பட்டால் பின்னால் ஒட்டலாம். 'எந்த்ரோ கொரியெந்தோ' என்றால் ஓடி நுழைந்தான். நம்முடைய வினையெச்சம் போலவே. கிழவியின் வாக்கியத்தை மொழிபெயர்க்கும் ஸ்பானிஷ்காரர் 'பஹோ கொஹெயாந்தோ' என்பார். தமிழர் நொண்டி இறங்கினாள் என்போம். ஆங்கிலம் இதைத் திருப்பிப் போடுகிறது. திசையை 'டவுன்' என்ற சிறு சொல் பார்த்துக்கொள்கிறது. முதன்மை வினையின் இடம் காலியாகிவிடுவதால் அங்கே நடையின் விதம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. 'ஹாபிள்' என்றால் கால் இழுத்து நடப்பது. 'லிம்ப்' என்றால் ஒரு கால் தாங்கி நடப்பது. 'ட்ரட்ஜ்' என்றால் களைத்துப்போய்க் கனத்த அடி வைத்து நடப்பது. 'ஸ்டாகர்' தள்ளாடுவது, 'ஸ்ட்ரோல்' உலாவுவது, 'டிப்டோ' நுனிக்காலில் போவது, 'க்ரீப்' பதுங்கிப் போவது. இப்படி நூற்றுக்கணக்கில் உண்டு. கண்ணுக்கும் இதே கதைதான். 'க்ளான்ஸ்' என்றால் ஒரு பார்வை வீசுவது, 'ஸ்டேர்' வெறித்துப் பார்ப்பது, 'பியர்' கண்ணை இடுக்கிப் பார்ப்பது. ஆங்கில நாவலாசிரியர் யாரையும் சும்மா நடக்கவிடுவதில்லை, சும்மா பார்க்கவிடுவதும் இல்லை.

ஸ்லோபின் நாவல்களையும் அவற்றின் மொழிபெயர்ப்புகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஆங்கிலத்திலிருந்து ஸ்பானிஷுக்குப் போகும்போது நடையின் விதம் ஏறக்குறைய பாதி இடங்களில் உதிர்ந்துவிடுகிறது. எதிர்த்திசையில் நடப்பதுதான் வேடிக்கை: ஸ்பானிஷிலிருந்து ஆங்கிலத்துக்குப் பெயர்த்தவர்கள், மூலத்தில் இல்லாத நடையைத் தாங்களே சேர்த்திருந்தார்கள். பாத்திரம் வெறுமனே உள்ளே வந்தால் ஆங்கில வாசகருக்குச் சப்பென்று இருக்கும் என்ற பயம் போலும்.

இப்போது ஸ்பானிஷ் வாசகர் அந்தக் கிழவியின் வாக்கியத்தைப் படிக்கும்போது மூளைக்குள் நடப்பதைப் பார்க்கலாம். 'ஹாபிள்' தெரியாது. ஆனால் கிழவி முன்னால் இருக்கிறாள், 'டவுன்' பின்னால் இருக்கிறது. போனாள் அல்லது இறங்கினாள் என்று ஊகித்துவிடுகிறார். அவருடைய தாய்மொழிக் கதைசொல்லலுக்கு அந்த ஊகமே போதும். கதை நகர்கிறது, அவரும் நகர்கிறார், சொல் அங்கேயே கிடக்கிறது. ஊகம் தவறாகிப்போயிருந்தாலாவது திரும்பி வந்து அகராதியைப் புரட்டியிருப்பார். அது பாதி சரியாக இருந்ததுதான் கெடுத்தது.

சூழலிலிருந்து பொருளை ஊகித்தால் சொல் மனத்தில் நிற்கும் என்பது ஆசிரியர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் அறிவுரை. 1991இல் நெதர்லாந்தில், பிரெஞ்சு கற்கும் மாணவர்களிடம் நடத்திய ஆய்வு இந்த நம்பிக்கையை அசைத்தது. பொருளைப் பளிச்சென்று காட்டிக்கொடுக்கும் வாக்கியங்களில் ஊகிப்பது எளிதாக இருந்தது. அப்படி ஊகித்ததால் சொல் அதிகம் நினைவில் நின்றதாகத் தெரியவில்லை. சூழலே எல்லாவற்றையும் சொல்லிவிட்டால் சொல்லின் முகத்தைப் பார்க்க வேண்டிய தேவை மூளைக்கு இல்லை.

அப்படியானால் நாவல் படித்துச் சொற்கள் கற்க முடியுமா, முடியாதா? 1978இல் வெளியான ஓர் ஆய்வு மிகுந்த நம்பிக்கை தந்தது. ஆந்தனி பர்ஜெஸ் எழுதி 1962இல் வந்த 'எ க்ளாக்வொர்க் ஆரஞ்ச்' நாவலில், ரஷ்ய மொழியிலிருந்து திரித்தெடுத்த இருநூறுக்கும் மேற்பட்ட கொச்சைச் சொற்கள் வருகின்றன. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களிடம், பொருள் பட்டியல் இல்லாத பதிப்பைக் கொடுத்துப் படிக்கச் சொல்லிவிட்டு, முன்னறிவிப்பின்றி அச்சொற்களில் தேர்வு வைத்தார்கள். சராசரியாக நாலில் மூன்று பங்கு சொற்களுக்குச் சரியான பொருளைக் குறித்திருந்தார்கள். பிரமாதம்தான். ஆனால் அவர்களுக்கு அந்த நாவலின் மற்ற சொற்கள் அத்தனையும் தெரியும் என்பதைக் கவனிக்க வேண்டும். இருட்டில் ஒன்றிரண்டு விளக்கு அணைந்திருப்பதும், ஒன்றிரண்டு மட்டுமே எரிவதும் ஒன்றாகுமா?

இரண்டாம் மொழி கற்போரிடம் இதே சோதனை வேறு விடை தந்தது. 1998இல் வெளியான ஆய்வில், ஓமான் நாட்டுப் பல்கலைக்கழக மாணவர்களுக்குத் தாமஸ் ஹார்டியின் 'தி மேயர் ஆஃப் காஸ்டர்பிரிட்ஜ்' நாவலின் சுருக்க வடிவத்தை, யாரும் தாவிப் போய்விடாதபடி, வகுப்பில் உரக்கப் படித்துக் காட்டினார்கள். முழுப் புத்தகமும் முடிந்தபின் ஒவ்வொருவரும் புதிதாகச் சேர்த்திருந்தது சராசரியாக ஐந்து சொற்கள். 2003இல் வெளியான ஜப்பானிய ஆய்வு இன்னும் கறாரானது. எளிய கதை நூல் ஒன்றில் 25 சொற்களை எடுத்துவிட்டுக் கற்பனைச் சொற்களை வைத்தார்கள். படித்த கையோடு கேட்டபோது, கொடுத்த விடைகளில் சரியானதைத் தேர்ந்தவை பத்துச் சொற்களுக்குச் சற்று மேல். தாங்களே பொருள் எழுத முடிந்தவை நான்கைந்து. மூன்று மாதம் கழித்துப் பொருள் எழுத முடிந்தது சுமார் ஒரே ஒரு சொல்.

இந்த எண்களைப் பார்த்துப் புத்தகத்தை மூடிவிட வேண்டியதில்லை. இரண்டு விஷயங்களை அவை திருத்தமாகச் சொல்கின்றன. ஒன்று, சொல் திரும்பத் திரும்ப வர வேண்டும். ஹார்டி ஆய்வில் எட்டு முறைக்கு மேல் வந்த சொற்களே நன்றாகப் பதிந்தன. இன்னொன்று, தெரியாத சொற்களின் அடர்த்தி குறைவாக இருக்க வேண்டும். நியூசிலாந்தின் பால் நேஷன் இத்துறையில் அதிகம் மேற்கோள் காட்டப்படுபவர். புனைகதையைத் துணையின்றிப் புரிந்துகொள்ள நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுச் சொற்கள் தெரிந்திருக்க வேண்டும் என்பது அவருடைய கணக்கு. முந்நூறு சொற்கள் கொண்ட பக்கத்தில் ஆறு சொற்கள் தெரியாமல் இருக்கலாம். முப்பது தெரியாவிட்டால் கதை கலங்கிவிடும். டி.எச். லாரன்ஸின் 'லேடி சாட்டர்லியின் காதலன்' உள்ளிட்ட நாவல்களை 2006இல் அவர் அலசிப் பார்த்தார். மிகப் புழக்கமான முதல் ஆயிரம் சொற்குடும்பங்கள் (ஒரு சொல்லும் அதன் திரிபுகளும் சேர்ந்தது ஒரு குடும்பம்) நாவலின் எண்பது சதவீதத்தைத் தந்துவிடுகின்றன. தொண்ணூற்றெட்டை எட்ட எட்டாயிரம், ஒன்பதாயிரம் குடும்பங்கள் தேவைப்படுகின்றன. கடைசிச் சில சதவீதத்துக்குத்தான் அத்தனை பாடும்.

அந்தக் கடைசிச் சில சதவீதத்தில் லத்தீன் சொற்கள் எவ்வளவு என்பதைப் பொறுத்து ஸ்பானிஷ்காரரின் பாடு கூடும், குறையும். பொருளாதாரக் கட்டுரையில் அரிய சொல் என்றால் பெரும்பாலும் அவருடைய உறவுக்காரர்தான். நாவலில் அரிய சொல் என்றால் சரளைக்கல், கூரை வேய்ச்சல், கதவின் கிறீச்சொலி, ஆலங்கட்டி. ஜார்ஜ் ஆர்வெல் 1946இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், லத்தீன் ஆடம்பரத்தைக் கைவிட்டுச் சிறிய ஆங்கிலச் சொற்களால் எழுதுங்கள் என்று அறிவுரை சொன்னார். ஆங்கிலேயருக்கு அது தெளிவு. லிமாவில் உட்கார்ந்து படிப்பவருக்கு அவர் ஒழித்துக்கட்டச் சொன்னதுதான் தெளிவு.

உறவுக்காரர்களிடமும் முழு நம்பிக்கை வைக்க முடியாது. அமெரிக்காவில் இருமொழிக் குழந்தைகளிடம் 1993இல் நடந்த ஆய்வில், ஸ்பானிஷ் சொல் தெரிந்திருந்தும் ஆங்கிலத்தில் அதன் உறவுச் சொல்லை அடையாளம் காணாமல் பலர் கடந்து போனார்கள். அது இழப்புதான், ஆபத்தில்லை. ஆபத்து போலி நண்பர்களிடம் இருக்கிறது. ஸ்பானிஷில் 'இக்னொரார்' என்றால் முதன்மையாக அறியாமலிருப்பது. ஆங்கில நாவலில் அவள் எழுதிய கடிதத்தை அவன் 'இக்னோர்' செய்தான் என்று வருகிறது. வேண்டுமென்றே பொருட்படுத்தவில்லை என்பது பொருள். ஸ்பானிஷ் வாசகரோ, பாவம், கடிதம் வந்ததே அவனுக்குத் தெரியாது என்று எடுத்துக்கொள்கிறார். ஒரு சொல்லில் கல்நெஞ்சன் அப்பாவியாகிவிட்டான்! அடுத்த ஐம்பது பக்கத்துக்கு நாயகியின் கோபம் அவருக்குப் புரியாது. 'பேரன்ட்ஸ்' இறந்துவிட்டார்கள் என்றால் 'பரியெந்தெஸ்', அதாவது உறவினர்கள், என்று படிக்க வாய்ப்புண்டு. ஹைஃபா பல்கலைக்கழகத்தின் பாத்தியா லாஃபர் இவற்றை வெளிப்படையாகத் தோன்றி ஏமாற்றும் சொற்கள் என்றார். தெரியாத சொல்லுக்கு அகராதியைத் தேடுவோம். தெரிந்ததாக நினைக்கும் சொல்லுக்கு யார் தேடுவார்?

பழைய நாவல்களில் இதற்குள்ளும் ஒரு திருப்பம் உண்டு. இன்றைய ஆங்கிலத்தில் 'சென்சிபிள்' என்றால் விவேகமுள்ள. ஸ்பானிஷ் 'சென்சீப்லெ' என்றால் எளிதில் உணர்ச்சிவசப்படுகிற. பாடநூல்கள் தவறாமல் எச்சரிக்கும் இணை இது. ஆனால் 1811இல் வெளியான ஜேன் ஆஸ்டினின் 'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி' தலைப்பில் உள்ள இரண்டாவது சொல், உணர்ச்சிவசப்படும் மென்மனத்தைத்தான் குறிக்கிறது. இங்கே ஸ்பானிஷ் வாசகரின் முதல் ஊகமே சரி. இன்றைய ஆங்கிலம் மட்டும் அறிந்த இளைஞர் தடுமாறக்கூடும். இரண்டு மொழிகளும் ஒரே லத்தீன் சொல்லை எடுத்துக்கொண்டு வெவ்வேறு வேகத்தில் விலகிப்போனதன் தடம் அது.

இத்தனையும் தெரிந்தபின் எந்தப் புத்தகத்தைக் கையில் எடுப்பது? ஸ்பானிஷ் உலகில் அதிகம் பரிந்துரைக்கப்படுவது ஹெமிங்வேயின் 'கிழவனும் கடலும்'. 1952இல் வந்தது, சுமார் 27,000 சொற்கள், கதை ஹவானாவுக்குப் பக்கத்து மீனவக் கிராமத்தில் நடக்கிறது. குறுநாவல், குறு வாக்கியம், குறுஞ்சொல் என்பதால் எளிது என்கிறார்கள். அந்தக் காரணம் எனக்கு ஏற்புடையதாக இல்லை; குறுஞ்சொற்கள்தானே ஸ்பானிஷ்காரருக்குச் சிக்கல். அது ஏற்ற நூல்தான், ஆனால் வேறு காரணத்துக்காக. ஒரு படகு, ஒரு மனிதன், ஒரு மீன் என்று உலகம் சுருங்கிவிடுவதால் தூண்டிற்கயிறு, துடுப்பு, இரை, கொக்கி ஆகிய சொற்கள் பக்கத்துக்குப் பக்கம் திரும்ப வருகின்றன. ஐந்தாவது முறை ஊகம் ஊகமாக இருப்பதில்லை. இடையிடையே ஹெமிங்வே ஸ்பானிஷ் சொற்களையும் அப்படியே விட்டுவைத்திருக்கிறார். அங்கே வாசகர் மூச்சு வாங்கிக்கொள்ளலாம்.

இதே தர்க்கம் துப்பறியும் கதைகளுக்கும் பொருந்தும். அகதா கிறிஸ்டியின் ஒரு நாவலைப் படிப்பதைவிட அவருடைய ஐந்து நாவல்களைத் தொடர்ந்து படிப்பது பலன் தரும். சமையல்காரர், பாதிரியார், விஷம், உயில், மாடிப்படி எல்லாம் மறுபடி மறுபடி வந்தே தீரும். ஸ்டீபன் கிராஷன் என்ற அமெரிக்க மொழியியலாளர் இதைக் குறுகிய வாசிப்பு என்று அழைத்தார். ஒரே எழுத்தாளர், ஒரே பொருள், நிறைய பக்கங்கள். சொல்வளம் வேண்டுமென்றால் பல எழுத்தாளர்களைத் தொட்டுத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்ற பொதுப்புத்திக்கு இது நேர் எதிர்.

காதையும் சேர்த்துக்கொள்வது நல்லது. ஸ்பானிஷில் எழுதியபடியே படிக்கலாம், உயிரொலிகள் ஐந்தே. ஆங்கில எழுத்துக்கும் உச்சரிப்புக்கும் அப்படி ஒப்பந்தம் எதுவும் இல்லை. கண்ணால் மட்டும் கற்றவர், 'ஐலண்ட்' என்ற சொல்லில் எழுத்தில் இருந்து ஒலியில் இல்லாத 'எஸ்' எழுத்தையும் சேர்த்து, மனத்துக்குள் 'இஸ்லாண்ட்' என்றே சேமித்திருப்பார். யாராவது பேசும்போது அதே சொல் காதில் விழுந்தால் அடையாளம் தெரியாது. ஒலிநூலை ஓடவிட்டுக்கொண்டே பக்கத்தைப் பின்தொடர்ந்தால் இந்தப் பழுது பெருமளவு தீரும்.

ஸ்பானிஷ் பேசும் நண்பர் யாராவது ஆங்கில நாவல் கேட்டால், குழந்தை நூலையோ பேரிலக்கியத்தையோ கொடுக்காதீர்கள். ஏற்கெனவே ஸ்பானிஷில் படித்து அவருக்குக் கதை தெரிந்த ஒரு துப்பறியும் நாவலையும், அதே ஆசிரியரின் இன்னும் இரண்டையும் சேர்த்துக் கொடுங்கள். மூன்றாவது முறை எதிர்ப்படும் சொல்லை மட்டும் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். அந்தப் பட்டியலில் முதலில் ஏற வேண்டியவை நடக்கிற, பார்க்கிற, சத்தம் போடுகிற சின்ன வினைச்சொற்கள். பெரிய சொற்கள் அவரிடம் முன்பே இருக்கின்றன.